போர்டில் இல்லாதது

எங்கள் கடையில் ‘இல்லை’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகிற ரோட்டில் இருக்கிற பரோட்டாக் கடை. முதலாளி சபரிநாதன் அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்தே இதுதான் சட்டம். பசித்து வந்து உட்கார்ந்தவனிடம் ‘இல்லை’ என்றால் கடைக்கு ஆகாது. அவனுக்கும் நாலு பேர் முன்னால் முகம் செத்துப் போகும். அதனால் போர்டில் எழுதாத எதைக் கேட்டாலும் சப்ளையர் சொல்ல வேண்டியது ஒன்றுதான். “முடிஞ்சு போச்சு. அடுத்த தடவ வெள்ளன வாங்க.”

இதில் ஏமாற்று வேலை எதுவும் கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சொல்கிற எனக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர் நண்டுக் குழம்பு கேட்பார், “முடிஞ்சு போச்சு” என்று நான் சொன்னதும், “அப்படியா, சரி, ரெண்டு புரோட்டா வைங்க” என்று இலையில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிடுவார். மறுபடி கேட்க மாட்டார். அதுதான் மரியாதை. உண்மையிலேயே வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. காலையிலேயே அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். வந்து உட்கார்ந்த பிறகு அதன் பேரை வாயில் எடுக்கக் கூடாது, தானாக வரும். பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்த்தால், “வீட்டுல இருந்து கொண்டாந்தது” என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ள வேண்டும். பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர்கள், சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் இந்த முறையைக் கரைத்துக் குடித்தவர்கள்.

நான் பால்துரை. இந்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாக சப்ளையர். முகம் கோணாமல் ‘முடிஞ்சு போச்சு’ சொல்வதற்கு என்னை விட்டால் சாத்தூரில் ஆள் கிடையாது என்று அண்ணாச்சியே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. முறை தெரியாமல் கேட்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது.

முனியராஜுக்கு முறை தெரியாது.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, எட்டு மணி இருக்கும். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அச்சங்குளத்துக்காரர்கள், பட்டாசு வேலை. இரண்டு பேர் நகக்கண்ணிலும் வெள்ளி மருந்து மினுங்கியது, எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. சம்பளக் கிழமை என்பதால் பரோட்டா சாப்பிட வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு, சோலையம்மாள் என்று பேர், வாயெல்லாம் புண். ஒரு வாய் சால்னா வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெறும் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து மென்றுகொண்டிருந்தது.

பக்கத்து மேஜையில் ஒரு கம்பெனி முதலாளி குடும்பம். அவர்கள் பேத்திக்குக் காரம் ஆகாது. காலையிலேயே போன் வந்துவிட்டதால் எங்கள் பரோட்டா மாஸ்டர் சுடலை பால் பரோட்டா போட்டுத் தந்திருந்தார். பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, அதன் மேல் கருப்பட்டிப் பாகு விட்டு, ஏலக்காய் தட்டிப் போடுவது. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வழித்து வழித்துச் சாப்பிட்டதை சோலையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு புருஷன் காதில் ஏதோ சொன்னது.

“அண்ணே!” என்று கடைக்கே கேட்கும்படி கூப்பிட்டான் முனியராஜ். “அந்தப் பாப்பாவுக்கு வச்சீகள்ல, அதுல ஒரு பிளேட் கொண்டாங்க.”

முதலாளி வீட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் சிரித்த முகத்தோடு, “அது முடிஞ்சு போச்சே தம்பி. அடுத்த வாரம் வெள்ளன வாங்க” என்றேன்.

“அப்படியாண்ணே. வாரோம்ணே” என்றான். அவன் பெண்டாட்டியும் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. விஷயம் அதோடு முடிந்தது என்று நான் அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கே இரண்டு பேரும் வந்து நின்றார்கள். “இன்னைக்கு வெள்ளனயே வந்துட்டோம்ணே” என்றான். எனக்கு ஒரு நிமிடம் என்னவென்றே பிடிபடவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தனா என்று இருந்தது.

“இப்பத்தான் முடிஞ்சுது தம்பி.”

“எத்தன மணிக்கு வந்தாக் கிடைக்கும்ணே?”

இப்படி ஒரு கேள்வியை இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம், தம்பி, இது போன் போட்டுச் சொன்னால் செய்கிற பண்டம், அண்ணாச்சி நம்பர் இதுதான் என்று. அரை நிமிட வேலை. ஆனால் எனக்கு அவன் மேல் கோபம். ஒரு தரம் சொன்னால் புரிந்துகொள்ள வேண்டாமா? “ஆறு மணிக்கு வாங்க” என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அடுப்படிக்குப் போய், “கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பானாம்” என்று சுடலையிடம் சொல்லிச் சிரித்தேன். யாரை, எதற்காகச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கல்லில் இருந்த பரோட்டாவை அடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ஆறு மணிக்கு வந்தான். “அஞ்சு மணிக்கு வாங்க” என்றேன். நாலாவது வாரம் ஐந்து மணிக்கு வந்தான். அன்றைக்கு அவன் மட்டும்தான் வந்தான், கையில் தூக்குச்சட்டி.

“வீட்ல வரலையா?”

“கலந்த மருந்த மிச்சம் வைக்கக் கூடாதுல்லண்ணே. நாளைக்கு ஞாயிறு, லீவு. அப்படியே கெடந்தா சூடேறிரும். எம் பங்கையும் சேத்து அவளே அடைச்சு முடிச்சிருதேன்னா. நீங்க போய் வாங்கியாங்கன்னு என்னைய அனுப்பி விட்டுட்டா.”

நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். கலந்த மருந்து என்றால் என்ன, அதை அவசரமாக அடைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. இரண்டு ஆள் அடைக்க வேண்டியதை ஒரு ஆள் அடைக்கக் கூடாது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. “முடிஞ்சு போச்சு தம்பி. நாலு மணிக்குக் கல்லு பத்த வைப்போம், அப்ப வந்தீகன்னா உண்டு” என்றேன். அவன் வெறும் தூக்குச்சட்டியோடு திரும்பிப் போனான். போகும்போது, “தொந்தரவுக்கு மன்னிச்சிக்கிடுங்கண்ணே” என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்தாவது சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டான். கடை முன்னால் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தோம். பெஞ்சுகள் இன்னும் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தன. மாவு உருண்டைகள் ஈரத்துணிக்கு அடியில் இருந்தன, கல் பச்சென்று குளிர்ந்து கிடந்தது.

“இன்னைக்கு மொத ஆளு நான்தாண்ணே. எம் பங்க அவ அடைச்சிக்கிட்டிருக்கா” என்று சிரித்தான்.

பழக்கம் என்பது எவ்வளவு மோசமான சங்கதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுப்பே பற்ற வைக்காத கடையில் நின்றுகொண்டு, என் வாய் தானாகச் சொன்னது. “முடிஞ்சு போச்சு தம்பி.”

அவன் கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தேகம் துளிகூட இல்லை. ஏதோ தனக்குத்தான் விவரம் பத்தவில்லை என்கிற மாதிரி யோசித்தான்.

“காலையிலயே போட்டு முடிச்சிருவீகளாண்ணே?”

நான் சொன்ன பொய்க்கு அவனே ஒரு காரணத்தைத் தேடிக் கையில் எடுத்துக் கொடுக்கிறான். எனக்குக் காது இரண்டும் சூடாகிப் போனது. “இருங்க, உள்ள கேட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

சுடலையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

“ஏலே, நீ மனுசந்தானாலே? இதுக்குப் போயி அஞ்சு வாரமா ஒருத்தன அலைய விட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாலே நீ? பத்து நிமிச வேல.” அதற்குமேல் என்னைத் திட்டக்கூட அவர் நிற்கவில்லை. கல்லைப் பற்ற வைத்தார், தேங்காயை உடைத்தார், திருவ உட்கார்ந்தார்.

இவ்வளவு லேசா என்று நின்றேன் நான். அண்ணாச்சி கோபிப்பார், மாஸ்டர் கத்துவார், ஒருத்தனுக்குப் போட்டால் பத்துப் பேர் கேட்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் அந்தத் தேங்காய் மூடியின் முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. சீக்கிரம் போய் அவனை உட்காரச் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. முதலில் தரை ஆடியது, பிறகு ஷட்டர் அதிர்ந்தது, பிறகுதான் காதுக்கு வந்தது. எங்கள் பக்கத்துக்கு அது புதிய சத்தம் இல்லை. கேட்டதும் வாசலுக்கு வந்து, புகை எந்தத் திக்கில் எழும்புகிறது என்று பார்ப்போம். அந்தத் திக்கில் சொந்தக்காரன் வேலை பார்க்காத வீடு எது? முனியராஜ் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “எங்க ரூம்பு பக்கம்ணே” என்றான், எனக்குச் சொல்லவில்லை, சும்மா சொன்னான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சோலையம்மாள் மருந்து அடைத்துக்கொண்டிருந்த ரூமில் நாலு பேர். மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். சோலையம்மாளை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என் வீட்டுக்காரி இன்பம் அங்கேதான் நர்ஸ், தீக்காய வார்டில். இருபது வருடமாக அதைப் பார்க்கிறவள், வார்டில் நடப்பதை வீட்டில் பேச மாட்டாள். புதன்கிழமை காலை நைட் டியூட்டி முடிந்து வந்தவள், காப்பியை வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“சாத்தூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு கெடக்குதுங்க” என்றாள். “உடம்பு பூராவும் கட்டு. தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா பேச்சு வருது. புருசங்கிட்ட என்ன கேக்குதுன்னு நெனைக்கீங்க? ‘அது கிடைச்சுதா’ன்னு கேக்குது. ஏதோ புரோட்டாவாம். ‘காலையிலயே முடிஞ்சிருமாம் சோல, நான்தான் பிந்திட்டேன்’ங்காரு அவரு. ‘அப்ப ரெண்டு பேருமாக் காலையிலயே லீவு போட்டுட்டுப் போயிருக்கலாம்லா’ங்குது அது. குத்தமாச் சொல்லலைங்க, சும்மா ஆசையாத்தான் சொல்லுது. ஆனா அவரு வராந்தாவுக்கு வந்து செவத்துல மண்டைய முட்டிக்கிடுதாரு. காலையில கூட்டிட்டுப் போயிருந்தா அவ பொழைச்சிருப்பாளே, நான் பிந்திட்டேனே, பிந்திட்டேனேன்னு. யாரு சொல்லியும் கேக்க மாட்டேங்காரு.”

எனக்கு உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இன்பம் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, “கிளம்புங்க” என்றாள். “இப்பவே போய்ச் சொல்லுங்க. அவரு பிந்தலைன்னு அந்தப் புள்ள காதுல விழணும். அது விட்டுட்டுப் போறப்ப அந்த மனுசனுக்கு அதுவாச்சும் மிஞ்சட்டும். இல்லைன்னா நான் திரும்பிப் போய்ச் சொல்லுதேன்.”

“நீ சொல்ல வேண்டாம். நானே போறேன்” என்றேன்.

போனேனா? அன்றைக்கு முகூர்த்த நாள், கடையில் இருநூறு பேருக்கு ஆர்டர். இலை போட்டுவிட்டுச் சாயங்காலம் போகலாம் என்று எனக்கு நானே தவணை சொன்னேன். உண்மையைச் சொன்னால், பயம். இருபத்திரண்டு வருடமாக ஒருத்தர் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டவனுக்கு, கட்டுப் போட்ட ஒரு முகத்தின் முன்னால் போய் நிற்கத் தைரியம் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு இன்பம் போன் செய்தாள். “இனிமே நீங்க போக வேண்டாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

பதினாறாம் நாள் காலையில், ஆறரை மணிக்கு முனியராஜ் கடைக்கு வந்தான். தலை மொட்டையாக இருந்தது. நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

“காலையிலயே வந்துட்டேன்ணே” என்றான். “இன்னைக்கு அவளுக்குப் பதினாறு. மத்தியானம் படைக்கணும். அவ கேட்டது அது ஒண்ணுதான். இன்னைக்காச்சும் இருக்குமாண்ணே?”

நான் விளக்குமாற்றைக் கீழே வைத்தேன். சுடலை கடையிலேயே படுக்கிற ஆள், உள்ளே இருந்து கேட்டுவிட்டு எழுந்து வந்தார். நேராகப் போய்க் கல்லைப் பற்ற வைத்தார். முனியராஜை ஒரு பெஞ்சை இறக்கிப் போட்டு உட்கார வைத்தேன். அடுப்படி வாசலுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தான். தேங்காய் உடைத்தது, திருவிப் பிழிந்தது, கருப்பட்டி கரைந்தது, பரோட்டா பொரிந்தது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். சுடலை இலையில் கட்டிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தபோது, சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

“இம்புட்டு நேரந்தானாண்ணே?” என்றான்.

இதற்கு மேல் ஒளிக்க என்னால் முடியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தம்பி, இது காலையில முடியிற பண்டமில்ல. எங்க கடையில இது கிடையாது. எப்பவுமே கிடையாது. முன்கூட்டிச் சொன்னாப் போட்டுக் குடுப்போம். நீங்க கேட்டப்ப நான் உள்ள போய்க் கேக்கவே இல்ல. ஆறு மணி, அஞ்சு மணின்னு நான் சொன்னதெல்லாம் வாயில வந்தது. நீங்க பிந்தல தம்பி. ஒருநாளும் பிந்தல.”

அவன் இலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“ஏண்ணே, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“நாலு பேரு முன்னால மொகம் வாடிரக் கூடாதேன்னு…” என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தைகள் எனக்கே அசிங்கமாகக் கேட்டன. பாதியில் நிறுத்திவிட்டேன்.

“எங்களுக்கு வாடாதுண்ணே. எங்கன போனாலும் இல்லன்னுதான சொல்லுதாக. கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு. அவளும் சரின்னுட்டு வேலைய முடிச்சு எங்கூடவே வீட்டுக்கு வந்திருப்பா.”

அவன் குரலில் கோபமே இல்லை. நிதானமாக, எனக்கு ஒரு கணக்கைப் புரிய வைக்கிற மாதிரி சொன்னான். சுடலை முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முனியராஜ் எழுந்து பொட்டலத்தை வண்டியின் முன்பக்கப் பையில் சாயாமல் வைத்தான். வண்டியில் ஏறாமல் என் பக்கம் திரும்பினான்.

“நாலு நாளு கெடந்தாண்ணே” என்றான். “காது மட்டும் கடைசி வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு. எம் புருசன் பிந்தலன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருப்பா. உங்களுக்கு நாங்க அங்கன கெடந்தது தெரியாதுல்லா. தெரிஞ்சிருந்தா வந்து சொல்லியிருப்பீக.”

ஆமாம் என்கிற மாதிரி நான் தலையை ஆட்டினேன். அவன் போய்விட்டான்.

இன்பம் என்னிடம் சொன்னது காலை எட்டு மணிக்கு. சோலையம்மாள் போனது மத்தியானம் இரண்டு மணிக்கு. நடுவில் ஆறு மணி நேரம் இருந்தது. அதை மட்டும் நான் அவனிடம் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.